எல்லையோரப் பேரேடுகள்

தென்னை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஊர் நகரம் என்று பெயர் வாங்க மூன்று நிபந்தனைகள் உண்டு. ஊரில் 5,000 பேராவது இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். முதன்மைத் தொழில் செய்யும் ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். நகராட்சியோ பேரூராட்சியோ இல்லாமலே இந்த மூன்றும் கூடிவிட்டால் அது கணக்கெடுப்பு நகரம்.

கேரளத்தின் தெற்கெல்லையில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் முதல் இரண்டு நிபந்தனைகளும் எப்போதோ தாண்டிப் போனவை. 2011-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அடர்த்தியே 1,508. ஓர் ஊரின் கடைசி வீட்டுக்கும் அடுத்த ஊரின் முதல் வீட்டுக்கும் ஒரே மதில்தான். ஆகவே மூன்றாவது நிபந்தனைதான் தீர்ப்புச் சொல்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம். தேயிலை, காப்பி, ரப்பர், தென்னை, பாக்கு இவற்றை வளர்ப்பது கணக்கெடுப்பின் வரையறையில் சாகுபடி ஆகாது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் ‘பிற தொழிலாளர்’. தென்னந்தோப்புக்காரரும் அப்படியே. பெண்கள் என்ன வேலை செய்தாலும் இந்த நிபந்தனைக்கு அது பொருட்டில்லை.

2001-இல் கேரளத்தில் இப்படிப்பட்ட கணக்கெடுப்பு நகரங்கள் 99. 2011-இல் 461. நகரவாசிகளின் பங்கு 26 சதவீதத்திலிருந்து 47.7 சதவீதமாயிற்று. அந்தப் பத்தாண்டில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை கூடியதோ 4.9 சதவீதம். மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனவர்கள் குறைவு. நின்ற இடத்திலேயே நகரவாசி ஆனவர்கள்தான் மிகுதி. எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் நகரவாசிகள் 82 சதவீதம். நான் வாழும் விளவங்கோட்டுப் பக்கத்தில் மரச்சீனியும் வாழையும் வீட்டு முற்றம்வரை நிற்கின்றன. அந்த முற்றங்களில் பலவும் இந்த 82-க்குள் அடக்கம்.

எண்ணை மறுக்க இதை எழுதவில்லை. எண்ணுக்குப் பின்னால் ஒரு வரையறை எப்போதும் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்ள எழுதுகிறேன்.


இரண்டு வழி

அமெரிக்காவின் ஹிஸ்பானிய மக்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 2010-இல் 5.05 கோடி, 2020-இல் 6.21 கோடி. நாட்டின் மக்கள்தொகையில் 18.7 சதவீதம். அந்தப் பத்தாண்டில் அமெரிக்கா கண்ட மொத்த வளர்ச்சியில் பாதிக்குச் சற்று மேல் அவர்களால் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ், ஹூஸ்டன் போன்ற மாநகரங்களில் மட்டுமல்ல, சோளக்காட்டு மாநிலங்களின் சிற்றூர்களிலும். நெப்ராஸ்காவின் லெக்சிங்டனில் 1990-இல் மாட்டிறைச்சி ஆலை ஒன்று திறந்தது. வேலைக்கு வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள். இன்று அந்த ஊரில் அவர்களே பெரும்பான்மை.

இது வந்து பெருகியவர்களின் கதை. வராமலே அங்கே இருந்தவர்களும் உண்டு. 1848-இல் குவாடலூப் ஹிடால்கோ உடன்படிக்கை எழுதப்பட்டபோது மெக்சிகோவின் பாதி நிலப்பரப்பு அமெரிக்காவிடம் போயிற்று. அங்கே வாழ்ந்த 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் பேர் இருந்த வீட்டிலேயே இருந்தபடி வேறு நாட்டுக்காரர் ஆனார்கள்.

வந்தவர், இருந்தவர் இருவரையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டுவரும், ஹிஸ்பானியரா என்ற கேள்வி எல்லோருடைய கணக்கெடுப்புப் படிவத்திலும் ஏறியது 1980-இல்தான். அதற்கு முன் 1970-இல் மாதிரிக்குச் சிலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு கூட்டம் வளர்வது கண்ணுக்குத் தெரிகிறது.

நம் எல்லையோரத்திலும் இந்த இரண்டு வகை மனிதர்களும் இருக்கிறார்கள். இங்கே கணக்கு வேறுவிதமாகப் போகிறது.


1-11-1956

திருவிதாங்கூரில் தமிழர் மிகுந்த வட்டங்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் முகம். 11-8-1954 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1956 நவம்பர் முதல் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு போயிற்று. கேட்டுக் கிடைக்காதவை தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை.

வட்டத்தை வட்டமாக எடுத்து, பெரும்பான்மை மொழி எது என்று பார்த்துப் பிரித்தார்கள். வேறு எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் எனக்கும் விடை தெரியாது. ஆனால் வட்டம் என்பது வருவாய்த்துறையின் வசதிக்காகப் போட்ட கோடு. ஒரு குடும்பத்தின் வயல் விளவங்கோட்டிலும் வீடு நெய்யாற்றின்கரையிலும் இருக்கக் கூடாது என்று அந்தக் கோட்டைப் போட்டவர் யாரும் நினைத்திருக்க மாட்டார்.

பனச்சமூடு சந்தைக்குப் போனால் அது இன்றும் தெரியும். ரோட்டின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. கடைப் பலகையின் எழுத்தும் மின்கம்பத்தின் துறையும் மாறுகின்றன. மரச்சீனி விற்கிற அக்கா இரு பக்கத்தாருக்கும் ஒரே விலைதான் சொல்கிறார், அதுவும் எந்த மொழி என்று சட்டென்று பிரிக்க முடியாத பேச்சில். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அமரவிளையில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிக்கு வேலையில்லாமல் போயிற்று. லாரிகளுக்குக் கோடு மங்கியது. பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் ஓட்டுச்சாவடிக்கும் அது அழுத்தமாகவே இருக்கிறது.


மாமியின் பதில்

2001-இல் கேரளத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர். 2011-இல் அது 5 லட்சத்தைச் சற்றே தாண்டி நின்றது. மாநில மக்கள்தொகையில் ஒன்றரை சதவீதம். பத்தாண்டில் ஒரு லட்சம் பேருக்கு நெருக்கமாகக் குறைந்திருக்கிறார்கள்.

ஒரு பகுதிக்கு இடுக்கியின் மலைத் தோட்டங்களில் விடை தேடலாம். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை விட்டுவிட்டுத் தேனிக்கோ தென்காசிக்கோ திரும்புகிறவர்கள் உண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து யாரும் அப்படிக் கிளம்பிப் போனதை நான் பார்க்கவில்லை. கிளம்பி எங்கே போவது? பேருந்தில் அரைமணி நேரத்தில் தமிழ்நாடு.

குன்னத்துக்காலில் என் உறவில் ஒரு மாமி இருக்கிறார். அருமனையிலிருந்து கல்யாணம் முடிந்து அங்கே போனவர். கணக்கெடுக்க வந்தபோது தாய்மொழி என்னவென்று சொன்னீர்கள் மாமி என்று ஒருமுறை கேட்டேன்.

“மலையாளம்னுதான் சொன்னேன் மக்கா. பிள்ளேளு படிச்சது அதுலதானே. தமிழுன்னு சொன்னா என்ன கிட்டும்?”

அதில் வருத்தமோ கோபமோ இல்லை. கடையில் சில்லறை கேட்கிற சாதாரணக் குரல். தாய்மொழி என்றால் சிறுவயதில் தாய் தன் பிள்ளையிடம் பேசிய மொழி என்பது கணக்கெடுப்பின் வரையறை. அந்த வரையறைப்படி மாமிக்கும் தமிழ், அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் தமிழ். மாமி பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பதில் சொன்னார். பள்ளியில் கிடைக்கிற மதிப்பெண்ணும் அரசுப் பணிக்கான பிஎஸ்சி தேர்வு எழுதிக் கிடைக்கிற வேலையும் சேர்ந்துதான் அந்தப் பதிலை அவர் வாயில் வைத்தன. கேரளத்தில் குறைந்துபோனதாகச் சொல்லப்படும் தமிழர்களில் எத்தனை பேர் இந்த மாமியைப் போல வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று எந்த அட்டவணையிலும் பார்க்க முடியாது.

கோட்டின் இப்பக்கமும் இதே கதை தலைகீழாக நடக்கிறது. பாட்டி மலையாளத்தில் நாமம் சொல்லி விளக்கேற்றிய வீட்டுப் பிள்ளைகள் இன்று தமிழ்வழியில் படித்து, தமிழ் என்றே எழுதுகிறார்கள். அவர்களையும் யாரும் விரட்டவில்லை.


பத்தாவது பிள்ளை

எண்ணிக்கையால் என்ன கிட்டும் என்ற மாமியின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1956-இல் அரசமைப்பின் ஏழாவது திருத்தத்தோடு 350-ஏ என்ற பிரிவு வந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. 1949-இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஓர் அளவு வகுத்திருந்தார்கள்: பள்ளியில் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் கேட்டால் அந்த மொழியில் ஆசிரியர் தர வேண்டும். ஓர் உள்ளூர்ப் பகுதியில் சிறுபான்மை மொழியார் 15 சதவீதம் இருந்தால் முக்கிய அரசு அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அப்படி எழுதலாம்.

ஆக, பத்தாவது பிள்ளை ஆங்கிலப் பள்ளி வேனில் ஏறிப் போனால், மீதி ஒன்பது பிள்ளைகளின் உரிமை பலவீனமாகிறது. ஆசிரியர் போனால் எட்டாவது பிள்ளையின் அப்பாவும் யோசிப்பார். மாமி மலையாளம் என்று சொன்னதற்குக் காரணம் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் அப்படி ஆனதற்குக் காரணம் மாமியைப் போன்றவர்கள் சொன்ன பதில். எது முதல் என்று பிரிக்க இத்தனை ஆண்டுகளில் என்னால் முடியவில்லை. பிரித்துப் பழி போட வேண்டும் என்றும் தோன்றவில்லை.


இரட்டைத் தெரு

நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாலராமபுரம் இருக்கிறது. பாலராம வர்மா ஆண்ட காலத்தில் (1798–1810) திவான் உம்மிணித் தம்பி முன்நின்று, நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாலியர் நெசவுக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர். ஏழு குடும்பங்கள் என்று சொல்வார்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று தெருக்கள் அமைந்தன. குழித்தறியில் நெய்த கசவுப் புடவைக்கும் வேட்டிக்கும் 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓணத்துக்குக் கேரளம் உடுத்தும் அந்த வெள்ளையும் பொன்கரையும் தமிழ் நெசவாளி வீட்டில் பிறந்தது.

இந்த ஊரைப் பற்றி யோசிக்கும்போது எனக்குப் பிடித்த விஷயம், அவர்களை அழைத்தது ஓர் அரசு என்பது. இடம் கொடுத்தார்கள், தெரு கொடுத்தார்கள், வாங்க ஆளும் இருந்தது. வந்தவர்கள் இருநூறு ஆண்டுகளில் இருந்தவர்கள் ஆனார்கள். தறி அந்தத் தெருக்களைத் தாண்டிச் சுற்றுவட்டாரத்தின் மற்றச் சாதியார் வீடுகளுக்கும் போயிற்று. இன்று நெசவுக் கூலி போதாமல் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அது மொழியால் வந்த குறைவு அல்ல, கூலியால் வந்தது. ஒரு சமூகம் பெருகுவதும் தேய்வதும் பெரும்பாலும் வேலையின் கதைதான் என்று பாலராமபுரத்துத் தெருக்களில் நடந்தால் புரிகிறது.


காலை ரயில்

1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் பாதை திறந்தது. பாறசாலை கேரளத்தின் தெற்கெல்லை நிலையம். காலை வண்டியில் குழித்துறையில் ஏறும் கொத்தனார்களும் ஆசாரிகளும் நர்சுகளும் திருவனந்தபுரத்தில் இறங்கி, பொழுது சாய்ந்ததும் திரும்புகிறார்கள். பகலில் அந்த மாநகரத்தின் சுவர்களை எழுப்புவதும் நோயாளிகளைப் பார்ப்பதும் இவர்கள். இரவில் தமிழ்நாட்டில் தூங்குவதால் அந்த நகரத்தின் மக்கள்தொகையில் இவர்கள் இல்லை. புலம்பெயர்ந்தோர் பட்டியலிலும் இல்லை.

அதே மேடையில் இப்போது வேறு முகங்களும். மால்டா, முர்ஷிதாபாத், அசாம், ஒடிசா, பீகார். எழுபதுகளில் மலையாளிகள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கியபோது இங்கே வேலைக்கு ஆள் குறைந்தது, கூலி ஏறியது. அந்த இடத்தை முதலில் நிரப்பியவர்கள் தமிழர்கள். பிறகு தமிழ்நாட்டிலேயே வேலை பெருகியது, அங்கிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள், வடகிழக்கு ரயில்கள் நிரம்பின. 2013-இல் குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் நடத்திய ஆய்வு கேரளத்தில் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மதிப்பிட்டது. 2017-இல் அரசு அவர்களுக்காக ‘ஆவாஸ்’ என்ற காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் 15,000 ரூபாய் வரை மருத்துவச் செலவும் விபத்து மரணக் காப்பீடும் அதில் இருந்தன. அதில் பெயர் பதிந்தவர்கள் 5 லட்சத்தைச் சுற்றித்தான். மதிப்பீட்டுக்கும் பதிவுக்கும் நடுவே உள்ள 20 லட்சம் பேர் எங்கோ ஹாலோபிளாக் அடுக்கிக்கொண்டோ பொறோட்டா மாவு பிசைந்துகொண்டோ இருக்கிறார்கள்.

அதிதி தொழிலாளி என்று கேரள அரசு அவர்களை மரியாதையாக அழைக்கிறது. பாறசாலைப் பக்கத்துச் சாயாக்கடையில் வங்காளப் பையன் ஒருவன் களியக்காவிளையிலிருந்து வந்தவரிடம் தமிழிலும் உள்ளூர்க்காரரிடம் மலையாளத்திலும் கணக்குச் சொல்லி மீதி கொடுப்பதைப் பார்த்தேன். இரு மாநிலமும் சேர்ந்து நடத்தாத மொழி வகுப்பை அவன் கல்லாவில் நின்று முடித்திருந்தான். அவனுக்கு ஊரில் குழந்தை இருக்கிறது. அடுத்த வருஷம் கூட்டிவரப் போவதாகச் சொன்னான். இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளிக்காரர்களும் ஆள் தேடுகிறார்கள் என்றான்.


கடலின் பதிவேடு

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தக் கடற்கரையை அடித்தது. பொழியூர் கேரளம், அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாடு. காணாமல் போனவர்களுக்கு இரண்டு மாநிலங்களிலும் இரண்டு பட்டியல்கள் தயாராயின. ஒரே படகில் போனவர்கள் வெவ்வேறு பட்டியலுக்கு உரியவர்கள். இறந்தவர் குடும்பத்துக்குக் கேரளம் 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. தமிழ்நாடு முதலில் 10 லட்சம் என்று அறிவித்துப் பிறகு 20 லட்சமாக உயர்த்தியது.

மூன்றாவது பதிவேடு ஒன்றும் அங்கே இருந்தது. நீரோடி முதல் தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறை மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆலயத்தின் பேரேட்டில் யார் பிறந்தார், யார் மணந்தார், யார் போனார் என்பதெல்லாம் மாநிலக் கோட்டைத் தாண்டித் தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. தென்னிந்தியத் திருச்சபை வேறு வழி போயிற்று. எல்லை பிறந்து மூன்றே ஆண்டில், 1959-இல், தென்திருவிதாங்கூர்ப் பேராயத்தைப் பிரித்துக் கன்னியாகுமரிக்கு ஒன்று, தென்கேரளத்துக்கு ஒன்று என்று ஆக்கியது.

இரண்டில் எது சரி என்பது என் கேள்வி அல்ல. ஒரே மக்களை ஒரு பேரேடு ஒன்றாக வைக்கிறது, இன்னொன்று இரண்டாக்குகிறது. இரண்டும் நேர்மையாக எழுதப்பட்டவை. புயலில் ஆளைத் தேடும்போது மட்டும், எவர் எந்தப் பட்டியலில் என்பது உயிருள்ள கேள்வியாகிவிடுகிறது.


பிப்ரவரி

2021-இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு வரவில்லை. அடுத்தது 2027 பிப்ரவரியில். சாதியும் கேட்கப் போகிறார்கள். 2011-க்குப் பிறகு இந்த எல்லையோரத்தில் யார் கூடினார், யார் குறைந்தார் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இன்று பழைய எண்ணை வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். தமிழர் அழிந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு குரல். வங்காளிகள் வந்து நிறைந்துவிட்டார்கள் என்று இன்னொரு குரல். இருக்கிறவரைக் கணக்கு குறைத்துக் காட்டுகிறது, வந்தவரைக் கணக்கு பார்க்கவே இல்லை. இரண்டு பயமும் இந்த இரண்டு ஓட்டைகளிலிருந்து பிறக்கின்றன.

ஓட்டை அமெரிக்காவிலும் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பு ஹிஸ்பானிய மக்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேரைத் தவறவிட்டது என்று அந்த நாட்டின் கணக்கெடுப்புத் துறையே பின்னால் ஆராய்ந்து சொன்னது. பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தத் தவறு ஒன்றரை சதவீதம்தான். வளர்ச்சியால் செய்தியான கூட்டமே முன்னைவிட அதிகம் தவறவிடப்பட்ட கூட்டமாகவும் இருந்திருக்கிறது.

கதவைத் தட்டுகிறவர் ஓர் ஆசிரியையாக இருக்கலாம். அவர் கையில் இருப்பதைவிட நம் வாயில் இருப்பதுதான் முக்கியம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை கட்டி எட்டுப் பேரை வாடகைக்கு வைத்திருப்பவர், வீட்டுவரி ஏறும் என்று பயந்து, அங்கே யாருமில்லை என்று சொல்லாமல் இருக்கலாம். கொட்டகையில் இருக்கிறவன் வேலைக்குப் போயிருந்தால் அவனுக்காக நாம் பெயர் சொல்லலாம். மாமியிடம் நான் பேச வேண்டும். தமிழ் என்று சொல்லுங்கள் என்று கெஞ்ச அல்ல. சின்ன வயசில் உங்கள் அம்மா எதில் பேசினாளோ அதைச் சொல்லுங்கள், தெரிந்த பிற மொழி என்று மலையாளத்தையும் சொல்லுங்கள், படிவத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்று சொல்ல.

என்ன கிட்டும் என்று மறுபடி கேட்பார். குன்னத்துக்காலில் எங்கோ ஒரு வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கலாம் மாமி, அவர்களுக்கு ஒரு ஆசிரியை கிட்டலாம் என்பேன். கிட்டாமலும் போகலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.